ஐம்பதில் ஓடிய நரி

நாத்தனாரே,

நேற்று மத்தியானம் பாத்திரம் தேய்க்க வேண்டிய நேரத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தி முன்பின் தெரியாத மாமியாருக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுப்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜில் போட்டபடி பார்க்காதே என்று உன் அண்ணன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சுட்டது. சூடேறிய பிளாஸ்டிக்கும் கைவேர்வையும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், மீன் குழம்பு எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. நீ கட்டிலுக்குக் கீழே தரையில் குந்தியிருந்தாய். என் வயிறு பெரிதாக இருந்தது.

மற்றவர்களுக்கு மல்லிகை வாசனையிலும் சாம்பிராணிப் புகையிலும் ஆள் ஞாபகம் வரும். எனக்கு வெடிக்கப் பார்க்கிற பேட்டரி வாசனையில் நீ வருகிறாய். அதற்கு நான் பொறுப்பில்லை.

ராயபுரத்தில் உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது நமக்குள் ஆகாது என்று தெருவே பந்தயம் கட்டியிருந்தது. காரணம் சீர்வரிசை இல்லை, டிவி கேம். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை வீடியோ கேம் கடையில், பையன்கள் வரிசையில் நிற்க, பாவாடையைச் சொருகிக்கொண்டு குந்தி ஆடிய ஒரே பெண் நான். இங்கே நீ. உங்கள் வீட்டில் கறுப்புப் பெட்டி ஒன்று சொந்தமாகவே இருந்தது. அதில் சொருகுகிற மஞ்சள் கேசட்டில் லட்சக்கணக்கான ஆட்டங்கள் உண்டு என்று அட்டையில் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் ஏழெட்டுத்தான் தேறும், மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். அந்த ஏழெட்டில் நம் இருவருக்கும் உயிர், நரி கேம். ஒரு நரி ஓடும், உடைந்த பாலத்தைத் தாண்டும், தொங்குகிற பழத்தைப் பறிக்கும். அதன் நிஜப் பெயர் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்ததால் வடசென்னை முழுக்க அது நரி கேம்தான்.

கல்யாணமான அந்த வாரமே, தலையில் பூ வாடுவதற்குள், உன்னை உன் வீட்டு டிவியிலேயே தோற்கடித்தேன். உன் அம்மா, அதாவது என் அத்தை, வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மருமவ கொண்டாடா சொன்னா இன்னொரு ரவுடிய இட்டுனு வந்துக்கீற?" என்று உன் அண்ணனைக் கேட்டார். நீ கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் ஏச்சும் பேச்சும்தான். உப்பு எங்கே என்று கேட்டால்கூட, "ஜெயிச்சவங்க தேடிக்கட்டும்" என்பாய்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதைப் பற்றி நான் வேடிக்கையாக எழுத மாட்டேன்.

இரண்டாவது தரித்தபோது டாக்டரம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். கருப்பை வாயில் தையல் போட்டார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். எழக் கூடாது, உட்காரக் கூடாது, பாத்ரூமுக்கு மட்டும், அதுவும் ஒருவர் பிடித்துக்கொள்ள. பிரசவம் வரைக்கும் இப்படியே. யாரிடம் சொல்கிறார் பார்! வாயும் காலும் சேர்ந்தே ஓடுகிறவள் நான். நாலு வீட்டுக் கதையை நாலு வீட்டிலும் நின்று கேட்டால்தான் எனக்குச் சோறு செரிக்கும். படுத்த படுக்கையில் தலை கீழாகவும் கால் மேலாகவும் கிடந்தால், துறைமுகத்துக்கு வந்த லாரிச் சத்தத்தை எண்ணுவதைத் தவிர வேறு என்ன செய்வது? டிவி கூடத்தில் இருந்தது, என் கட்டில் உள்ளறையில். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தெரிவது நாற்காலியின் ஒரு கால் மட்டும்.

ஒரு நாள் சாயங்காலம் நான் ஒரு பாதத்தை மெதுவாகத் தரையில் வைத்துப் பார்த்தேன். அத்தைக்குக் கண் முதுகில்.

"ஏய்! அந்தக் காலு தரைல பட்டுச்சுன்னா ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன், சொல்டேன்!"

"இன்னா அத்தை, அப்டியே குந்திகினு ஒரே ஒரு கேம்."

"குந்தக் கூடாதுனுதானேடி கஸ்மாலம், அந்தம்மா செங்கல்லு வெச்சிக்கீறா! போன தபா பட்டது பத்தலியா உனுக்கு?"

போன தடவை என்ற வார்த்தை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாதது. அத்தையே சொன்ன பிறகு பயந்துபோய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அப்போதுதான் பாரிமுனை ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். கேட்டிருப்பாய். நேராக முகம் கழுவப் போய்விட்டாய். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன், பாவி நான்.

அடுத்த வாரம் கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் போட்டாய். மூலையில் விரிசல் விட்ட ஒரு கைக்கம்ப்யூட்டர். உங்கள் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸுக்கு வந்த ஒரு கப்பல் இன்ஜினீயர், புதுசு வாங்கிவிட்டதால் வேண்டாமென்று மேஜையில் விட்டுப்போனதாம்.

"இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ண? கணக்கு போடவா?"

"நரி கேம் உள்ள போட்டுக்கீறேன். படுத்துக்கினே ஆடு. ஏந்திரிச்ச, நானே உன்ன கட்டிப் போட்டுடுவேன்."

வாங்கி, தலைக்கு மேலே பிடித்து, பொத்தானை அழுத்தினேன். நரி வந்தது. வந்ததா? புயல் கொடி ஏற்றிய அன்று கடலோரம் எதிர்காற்றில் நடக்கிற ஆள் மாதிரி ஒரு காலை வைத்தது, யோசித்தது, மறு காலை வைத்தது. பாட்டு, தண்ணீரில் விழுந்த டேப் ரெக்கார்டர் போல இழுத்தது.

"இன்னாடி இது, நரிக்கும் டாக்டரம்மா பெட் ரெஸ்ட் குடுத்துட்டாளா?"

அன்றைக்குத்தான் நீ முதல் முறை என் பேச்சுக்குச் சிரித்தாய். சிரித்துவிட்டுத் தரையில் குந்தி எனக்கு விளக்கினாய். அதை நான் இன்றுவரை பத்துப் பேருக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

"போன வருசம் நம்ப மாதா கோயிலுக்கு ஒரு இத்தாலி சாமியார் வந்தாரே, ஞாபகம் கீதா? அவுரு ஒரு வரி சொல்வாரு. நம்ப உபதேசியாரு அத்த தமிய்ல சொல்வாரு. அப்பால இவுரு இன்னொரு வரி. பிரசங்கம் இன்னா ஆச்சு?"

"பிரியாணி ஆறிப்போச்சு."

"அத்தான். கேசட்டு பேசறது ஒரு பாஷ. இந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சது வேற பாஷ. நடுவுல ஒரு உபதேசியாரு குந்திகினு ஒவ்வொரு வரியா மாத்தி மாத்தி சொல்லிகினு கீறாரு. அவுரு கெயவரு. மூச்சு வாங்குது. அவுர நான் ஓட வைக்கிறேன் பாரு."

திரையின் மூலையில் ஒரு எண் தெரியும். நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று சொல்லும் எண் அது. முழு வேகம் என்றால் அறுபது வரவேண்டும் என்றாய். நமக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. அன்றிலிருந்து அறுபது உனக்கு மதமாகிவிட்டது. ஆபீஸ் விட்டதும் தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டருக்குப் போய் எதையாவது படித்துவிட்டு வருவாய், வந்ததும் அந்தப் பெட்டியைக் கையில் எடுப்பாய். உள்ளே சும்மா ஓடிக்கொண்டிருந்த நாட்காட்டியையும் முகவரிப் புத்தகத்தையும் மூடினாய். எண் கொஞ்சம் ஏறியது. ஆட்டத்தை மெமரி கார்டிலிருந்து பெட்டியின் சொந்த நினைவுக்கு மாற்றினாய். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினாய். அப்புறம், சில படங்களை வரையாமலே தாண்டச் சொன்னாய்.

"உபதேசியாரு நாலு வரிக்கு ஒரு வரிய முயுங்கிட்டாருன்னு வெச்சிக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரிந்தது. பாலத்தின் விளிம்பு வரும்போது நரி திடீரென்று காற்றில் இருக்கும். எப்போது தாவியது என்றே தெரியாது. பாட்டை நிறுத்தினாய். எண் நன்றாகவே ஏறியது. ஆனால் நான் பாட்டை வைத்துத்தானே தாவுகிறவள். கடைசியாகப் பெட்டியின் மூளையையே அடித்து ஓட்டுகிற ஒரு சின்ன புரோகிராமைப் பிடித்துவந்தாய். அப்போதுதான் அந்தச் சூடும் வாசனையும். என் நெஞ்சில் வைத்தால் இஸ்திரிப் பெட்டி. அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். அரைமணிக்கு ஒரு முறை அதை வாங்கிப்போய் மண்பானை மூடிமேல் வைத்து ஆறவைத்துக் கொண்டுவருவார். "பேஜாரு புடிச்ச பொட்டி, இதுக்கும் ஜொரமா?" என்று கேட்டபடி முந்தானையால் விசிறுவார். உலகத்தில் எந்த மாமியாரும் மருமகளுக்காக ஒரு கம்ப்யூட்டருக்கு விசிறியிருக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நீ முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, "அண்ணி, அறுபது!" என்று கூவினாய். மங்கலாகப் பாட்டும் கேட்டது. நரி பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். முதல் பாலத்திலேயே விழுந்தேன். மறுபடி விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பாலம் அது.

"அண்ணி, உனுக்கு வயசாயிடுச்சு. உதாரெல்லாம் அப்போ."

வழக்கமாக இதற்கு ஒன்பது பதில் வைத்திருப்பேன். அன்று மறுபடி பொத்தானைத்தான் அழுத்தினேன். சாயங்காலம் வரைக்கும் ஆடி, சாயங்காலம் வரைக்கும் விழுந்தேன். பிறகு பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன், "என் ஒடம்பு எதுக்கும் ஒதவல. வயித்துலயும் நிக்கல, கையிலயும் நிக்கல. இத்த எடுத்துனு போ. நான் எழுந்து நடக்கிறேன். ஆவறது ஆவட்டும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்வையைத் தள்ளிவிட்டு முழங்கையை ஊன்றினேன். நீ என் தோளைக் கட்டிலோடு அழுத்தினாய். "இரு அண்ணி. ஒரே ஒரு நிமிசம். நான் ஒரு ஆட்டம் ஆடிட்டு குடுக்கிறேன். அப்பால நீ இன்னா வேணாலும் பண்ணு" என்றாய். என்னைத் தடுக்க உனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டாய்.

ஆடினாய். முதல் பாலத்தில் விழுந்தாய். பெட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி ஆடினாய். மறுபடி விழுந்தாய்.

"அண்ணி, நான் எப்டி வியுவேன்?"

எனக்கு வயசாகிவிட்டது, சரி. உடம்பு உதவவில்லை, சரி. ஆனால் நீ விழுவாயா? உனக்கு உன்மேல் இருந்த கர்வம்தான் அன்றைக்கு என் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. கூடத்துக்கு ஓடினாய். டிவியில் பழைய கறுப்புப் பெட்டியை மாட்டினாய். யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் நரி தானாகவே கொஞ்ச தூரம் ஓடிக் காட்டும் அல்லவா, அதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாய். யார் கைத்திறமையும் அதில் கலக்காது. அத்தையை நடுவாசலில் நிறுத்தினாய். இந்தப் பக்கம் என் கையில் கைப்பெட்டி, அந்தப் பக்கம் உன் கையில் டிவி கேம். காசிமேட்டு மீன் ஏலத்தில் பழகிய குரலில் அத்தை, "ஓட்டு!" என்று கத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் போட்டோம்.

"பழம்!" என்றேன் நான்.

"இன்னும் வர்லியே!" என்றாய் நீ.

"பாலம்!"

"அண்ணி, டபாய்க்காத! நான் இன்னும் பழத்துலயே கீறேன்!"

"நான் படுத்துக்கினு கீறவ, நரி அதுவா ஓடுது, நான் எங்கடி டபாய்க்க!"

அத்தை இரண்டு திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார், "படுத்துக்கினு கீறவதான் மொதல்ல வந்துக்கீறா."

மறுநாள் பிரவுசிங் சென்டரிலிருந்து நீ வந்த முகம், யாரோ ஞானஸ்நானச் சான்றிதழில் உன் அப்பா பெயரை மாற்றிவிட்ட மாதிரி இருந்தது. அந்த ஆட்டத்தைச் செய்த ஊரில் டிவி நொடிக்கு அறுபது படம் காட்டுமாம். நம் ஊர் டிவி ஐம்பதுதானாம். நமக்குப் பெட்டி செய்து விற்றவர்கள், ஆட்டத்தை ஐம்பதுக்குத் தகுந்தபடி மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டார்களாம். அதனால் நம் நரி பிறந்ததிலிருந்தே மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. பாட்டும் மெதுவாகத்தான் பாடியிருக்கிறது. நமக்கு அதுதான் வேகம் என்று கைக்குப் பழகிவிட்டது.

நான் வாயைப் பிளந்தேன். திருவொற்றியூர் சாம்பியன், பையன்கள் பயந்த பெண், கல்யாண வாரத்திலேயே நாத்தனாரைக் கவிழ்த்தவள், எல்லாம் மெதுவான ஓட்டத்திலா? தண்ணீருக்குள் குத்துச்சண்டை போட்டுவிட்டு ஊரெல்லாம் மார்தட்டியிருக்கிறேனா? நீயும் அதே துக்கத்தில் இருந்தாய். இரண்டு மாஜி சாம்பியன்களும் துக்கம் காக்க, காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் கேட்டார், "அவுங்களுக்கு அங்க இன்னா அவசரமோ. நம்பளுக்கு இன்னா?"

நீ அத்தையையே பார்த்தாய். பிறகு பெட்டியை எடுத்து, அறுபதை ஐம்பதாக மாற்றினாய். அத்தனை நாள் மூச்சு வாங்கிய கிழ உபதேசியாருக்கு ஐம்பது என்பது காலாற நடக்கிற தூரம். முழுங்கின வரியெல்லாம் திரும்ப வந்தது. படத்தைப் பெரிதாக்கினாய், பாட்டை நிறைய வைத்தாய். சூடே இல்லை. பானை மூடிக்கு விடுதலை. என் கையில் கொடுத்தாய். நரி நம் வீட்டு நரியாக ஓடிவந்தது. பாலத்தின் விளிம்பில் பாட்டு எந்த இடத்தில் ஏறுமோ அந்த இடத்தில் ஏறியது. என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே அழுத்தியது.

தாண்டிவிட்டேன். அழுதேன் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். தலைகீழாகப் படுத்திருந்தால் கண்ணில் தண்ணீர் வரும், அது இயற்கை.

அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. வருகிற போகிற எல்லோரும் வயிற்றைப் பற்றித்தான் கேட்டார்கள். வலிக்குதா, அசையுதா, தையல் எப்படி இருக்குது. நீ மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், "எது வரிக்கும் போன?" என்பாய். மூன்றாவது மலை என்றால் சிரித்துவிட்டுக் குளிக்கப் போவாய். முதல் பாலத்தோடு நிறுத்திவிட்டேன் என்று சொன்ன நாட்களில் தரையில் பாயைப் போட்டுக் கட்டிலோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாய். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது என்பது உனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மகள் பிறந்தாள். டாக்டரம்மா குறித்த தேதி தாண்டி, சாவகாசமாக வந்தாள். அவளை முதலில் கையில் வாங்கியவள் நீ. "அண்ணி, உன் மூக்கு. பாவம் கொயந்த" என்றாய். நம் சண்டை திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி.

நீ கல்யாணமாகி மாத்தூர் போனாய். நான் அங்கே வந்தேன், நீ இங்கே வந்தாய், இருவரும் சேர்ந்து இரண்டு பக்கத்து உறவையும் தோலுரித்தோம். அத்தை காலமானார். கைப்பெட்டி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. போன வருஷம் மழையில் உனக்கு நெஞ்சுச்சளி மாதிரி ஆரம்பித்தது, நுரையீரல் என்றார்கள். நாங்கள் புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் உன் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் மருமகளைப் பற்றித்தான் பேசினோம். நல்ல விஷயம் நிறைய இருந்தது அதில்.

என் மகளுக்கு, அதாவது உன் மருமகளுக்கு, இப்போது கல்லூரிப் படிப்பு. எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். பாடம், பாட்டு, பிரசங்கம், என் குரல் செய்திகூட. "நீ இஸ்து இஸ்து பேசறம்மா" என்கிறாள். பத்து நாளைக்கு முன் என் கைப்பேசியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாக அனுப்பிய குரலைத் தட்டிவிட்டாள். வழக்கம்போல் ஒன்றரையில்.

"அண்ணி வரசொல்ல அந்த பர்மா தட்டுக்கடைல அத்தோ நூடுல்ஸ் கெடச்சா வாங்கினு வா, நர்ஸு கேட்டா உனுக்குனு சொல்லு!"

நடுமுதுகில் யாரோ தட்டியது போல் இருந்தது. மூச்சிரைப்பே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறி, செருப்பை உதறிக்கொண்டே பேசுகிற பழைய நீ.

"அம்மா, அத்தை முன்னாடி மாறியே பேசுது, இல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். கேட்டேன். பிறகு, பழையபடி மாற்றி வை என்றேன்.

"ஏம்மா? இதுதானே நல்லா கீது."

மாற்றினாள். அண்ணி... என்றாய். வரசொல்ல... என்றாய். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாய். அத்தோ வந்தது, நர்ஸு வந்தது. உனுக்குனு சொல்லு என்பதற்கு முன்னால் நீளமாக ஒரு இடைவெளி. அதில் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். காதோடு வைத்துக் கேட்டால், நர்ஸிடம் நான் மாட்டிக்கொண்டு முழிப்பதை நினைத்து நீ சத்தம் வராமல் சிரிப்பது கேட்கிறது.

ஒன்றரையில் அந்தச் சிரிப்பு இல்லை. நான் அதை மாற்றவே விடமாட்டேன்.